மேசையைத் தாண்டிப் போன பந்துகள்

என் மகளின் பந்துகள் எந்த நாளிலிருந்து மேசையைத் தாண்டிப் போக ஆரம்பித்தன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் மூடிகளில் குறை வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, எப்போதிலிருந்து என்பதுதான். அடுத்த கேள்வி, அதற்கு முன்னால் என்ன மாறியது. பத்து வருடமாக இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் அவை என் நினைவுக்கே வரவில்லை.

அவள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் தமிழ்ப்பள்ளியில் மேசைப்பந்து ஆடும் பெண் பிள்ளைகள் ஆறு பேர். அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டிக்கு அவர்களில் நான்கு பேரைத்தான் அனுப்புவார்கள். ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்பே ஆறு பேரையும் ஒருவரோடு ஒருவர் ஆடவிட்டு, முதல் நான்கு இடத்தில் வருபவர்களின் பெயரை எழுதி ஒட்டிவிடுவார்கள். அவளுக்கு அந்த நான்கில் ஒருத்தியாக இருக்க வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. கணிதத்தில் சுமார், ஓட்டத்தில் கடைசி, பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் வயிற்று வலி வந்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் ஆறு பேரில் இரண்டாவதாக இருந்தாள். அந்த அணித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஐந்தாவதாக இறங்கியிருந்தாள்.

பயிற்சி செவ்வாயும் வியாழனும் மாலையில். வேலை முடிந்து நான் போய்ச் சேரும்போது கடைசி அரை மணி நேரம் இருக்கும். மண்டபத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அந்த வாரச் செவ்வாயன்று அவள் அடித்த பந்துகளில் பாதி, மேசையின் மறுமுனையைத் தொடாமல் பறந்து சுவரில் மோதின. சுவரடியில் பந்துகளைப் பொறுக்கிய பிள்ளை சலித்துப்போய், "ஏய், சுவத்தோடயா ஆடுற நீ?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவள் அழாமல் சிரித்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பயிற்சி கொடுக்கும் டீச்சர் உண்மையில் அறிவியல் ஆசிரியை. யாரும் முன்வராததால் இதை ஏற்றுக்கொண்டவர். தானும் படித்துத்தான் சொல்லிக்கொடுப்பதாக முதல் நாளே எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"பேட் ரொம்ப தொறந்திருக்கு மா," என்றார் என்னிடம். "பந்து மேல பாத்துப் போவுது. கொஞ்சம் குனிஞ்ச மாதிரி பிடிக்கணும். மூடிப் பிடிக்கணும். அப்பதான் சுத்தி உள்ள எறங்கும்."

கையைச் சாய்த்துக் காட்டினார். எனக்குப் புரிந்தது போலத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து காணொளிகளைத் தேடினேன். ஒருவர் மட்டையை மூடச் சொன்னார். இன்னொருவர், மூடினால் மட்டும் போதாது, பந்தைக் கீழிருந்து மேலே உரச வேண்டும் என்றார். மூன்றாமவர், பந்து எழும்பி உச்சியில் நிற்கும்போது அடிக்கச் சொன்னார். நான்காமவர், அது இறங்கும் வரை காத்திருக்கச் சொன்னார். எல்லாருமே நம்பிக்கையோடு பேசினார்கள். நான் எல்லாவற்றையும் மகளின் பழைய பயிற்சிப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் எழுதிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையை முன் வாசலில் கார் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துப் போட்டு, இரண்டு பிஸ்கட் டின்களுக்கு நடுவே ஒரு பலகையை நிறுத்தி வலையாக்கினோம். அவளுடைய தம்பியான கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மறுபக்கம் நின்று பந்தைப் போடுவேன்.

"மூடு! மூடு!"

"மூடித்தான் இருக்கு மா!"

"அப்ப ஒரசு!"

"அப்புறம் எதுக்கு நேத்து மூடுனா போதும்னீங்க?"

என் கணவர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, கதவருகே நின்று சிறிது நேரம் பார்த்தார். "என்னடி, புள்ளைய இந்தப் பாடு படுத்துற? கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு லா. மெதுவா அடிச்சா பந்து எங்க போகப் போவுது? ஞாயித்துக்கிழமை உம்பாய் கடற்கரைக்குப் போய் மீன் சாப்பிட்டு வரலாம், எல்லாம் சரியாயிடும்."

அவருக்கு எல்லாமே மீன் சாப்பிட்டால் சரியாகிவிடும். ஆனால் மெதுவாக அடி என்பதையும் புத்தகத்தில் எழுதினேன். ஒருவேளை அதுவாகவும் இருக்கலாமே.

இரண்டாவது வாரம் முழுக்க அவள் மூடினாள், உரசினாள், மெதுவாக அடித்தாள். ஆட்டத்தில் யோசித்து யோசித்து அடிப்பவளாக மாறிவிட்டாள். பந்து வந்து போன பிறகுதான் கை நகரும். தாண்டிப் போவது கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. நுட்பம் சரியில்லையா, மட்டை சரியில்லையா என்ற குழப்பத்தில், சனிக்கிழமை டவுனில் இருக்கும் ஒரு விளையாட்டுக் கடைக்கு அவளை அழைத்துப் போனேன்.

கடைக்காரர் வயதான சீனர். கல்லாப் பெட்டிக்குக் கீழே தரையில் சிவப்புச் சாமி மாடமும் ஊதுபத்தியும் மூன்று ஆரஞ்சுப் பழங்களும் இருந்தன. மட்டையை வாங்கி, சிவப்பு ரப்பரைக் கட்டை விரலால் தடவினார். ஒரு பந்தை எடுத்து அதன் மேல் அழுத்தி இழுத்தார். பந்து வழுக்கிக்கொண்டு போனது. புது ரப்பர் ஒன்றில் அதையே செய்து காட்டினார். பந்து நகராமல் பிடித்துக்கொண்டது.

"இது வழுக்குது," என்றார் மலாயில். "பிடிப்பே இல்ல. பந்து சுத்தாது. சுத்தலன்னா இறங்காது, நேரா வெளிய போகும். என்ன பூசினீங்க? மிஞ்ஞாக்கா?"

எண்ணெயா என்று அவர் கேட்ட அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

சரஸ்வதி பூசைக்கு அவளுடைய புத்தகங்களோடு மட்டையையும் படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். அவள் அப்பாவின் காருக்கு வைத்தாயிற்று, தையல் இயந்திரத்துக்கு வைத்தாயிற்று, பிள்ளை நம்பியிருக்கும் பொருளை விட்டுவிடலாமா என்று தோன்றியது. இரண்டு பக்கமும் குழைத்த சந்தனத்தை வைத்து, நடுவே குங்குமம் இட்டேன். சந்தனம் நன்றாக ஒட்டட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே தடவினேன். விஜயதசமி அன்று மட்டையை எடுத்தபோது காய்ந்து உதிர்ந்தது. மிச்சத்தைக் குழந்தையைத் துடைக்கும் ஈரத் துணித்தாளால் துடைத்தேன். குங்குமம் சிவப்பு ரப்பரில் தெரியவே இல்லை. அதனால் இன்னும் ஒட்டியிருக்குமோ என்று மறுநாளும் துடைத்தேன். அப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குழந்தையைத் துடைத்த கையோடு மட்டையையும் துடைத்து வைத்தேன். குழந்தையின் தோல் வறளாமல் இருக்க அந்தத் தாளில் எண்ணெய்ப் பசை கலந்திருக்கும். உறையிலேயே போட்டிருக்கிறது.

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பூசல," என்றேன் கடைக்காரரிடம்.

அவர் தோளைக் குலுக்கினார். கழுவிப் பார்க்கலாம், ஆனால் ரப்பரே பழையது, எதுவும் பூசாவிட்டாலும் இந்நேரம் பிடிப்புப் போயிருக்கும் என்றார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் என் தவறா, ரப்பரின் வயதா? வேகமான ரப்பர் வேண்டுமா, நிதானமானதா என்று அடுத்துக் கேட்டார். பந்து தாண்டிப் போவதுதானே பிரச்சினை, நிதானமானதையே ஒட்டச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவள் அடித்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வலையில் விழுந்தன. ஒன்றுகூடத் தாண்டிப் போகவில்லை. அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் மட்டையை வாங்கிப் பார்த்தார். "ரப்பர் மாத்திட்டீங்களா? தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மா. வழுக்குற ரப்பருக்கு மூடிப் பழகிட்டா. இப்ப இது நல்லாப் பிடிக்குது, அவ இன்னும் மூடுறா. வலையிலதான் விழும்."

வேலையிடத்தில் யாராவது ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றினால் நானே கோபப்படுவேன். எது எதனால் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. இங்கே நான் கை பிடிக்கும் கோணத்தையும் மாற்றி, வேகத்தையும் மாற்றி, ரப்பரையும் மாற்றிவிட்டேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சந்தனத்திலிருந்து ஈரத்தாள் வரை டீச்சரிடம் சொன்னேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தியும் பயனில்லாமல் சிரித்தார். "ஐயோ, நானும் பூசை அன்னைக்கு இந்த மேசைக்கு நாலு மூலையிலும் சந்தனம் வச்சேன் மா. தலைமை ஆசிரியர் சைன்ஸ் லேப்புக்கு வைக்கச் சொன்னாரு, மிச்சம் இருந்துச்சு, இங்கயும் வச்சுட்டேன்." குனிந்து மேசையின் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மஞ்சளாக ஏதோ வந்தது. "அப்ப பந்து வெளிய போனது பேட்டாலயா, மேசையாலயா? எனக்கும் தெரியல போங்க."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அதையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள். "கடையில ஏன் மா பொய் சொன்னீங்க?"

"அந்த அங்கிள் என்ன நெனைப்பாரோன்னு..."

"என்ன நெனைப்பாரு? அவரு கூடத்தான் கடையில சாமிக்கு ஆரஞ்சு வச்சிருக்காரு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானும் ஒண்ணும் சொல்லலையே," என்றாள். அவள் எனக்காகப் பேசாமல் இருந்தாளா, அல்லது தன் மட்டைக்கு நான் செய்ததை அன்றே புரிந்துகொண்டு கோபத்தில் பேசாமல் இருந்தாளா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் டீச்சர் அவளை மட்டையை மறுபடி கொஞ்சம் திறந்து பிடிக்கச் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்டேன். "அவளுக்கே கை சொல்லும் மா," என்றார். கை சொல்லட்டும் என்று அளவில்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் சாப்பாட்டு மேசையை வீட்டுக்குள் இழுத்துப் போட்டேன். புத்தகத்தை எடுக்கவில்லை. மட்டையைத் துடைக்கவுமில்லை. துடைக்காமல் இருப்பது சரியா என்று மட்டும் தினமும் யோசித்தேன்.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மண்டப வாசலில் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மா, நீங்க உள்ள வராதீங்க. ப்ளீஸ் லா. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு எல்லாம் ஞாபகம் வருது."

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொரு தாய், ஆறு பேரில் உயரமான பிள்ளையின் அம்மா. அவர் என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய மகள் அண்மையில்தான் நான்காவது இடத்துக்கு ஏறியிருந்தாள்; அது என் மகள் இறங்கியதால் காலியான இடம். அக்கா டப்பாவைத் திறந்து உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் ஒன்றை என் கையில் வைத்தார். சாப்பிடாமல் வைத்திருந்தேன்.

உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. மட்டையில் ஒன்று, மேசையில் ஒன்று. அந்தத் தாளம் சட்டென்று அறுந்தால் யாரோ ஒருவருக்குப் புள்ளி. யாருக்கு என்று தெரியாது. பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேன். அது என் மகளுடையதாக இல்லாமலும் இருக்கலாம் என்பதை என் கால்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. நான்கு ஆட்டம் முடிந்து என் மகளுக்கும் அக்காவின் மகளுக்கும் தலா இரண்டு வெற்றி என்று ஒரு பிள்ளை ஓடிவந்து சொன்னாள். கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு பேருடைய பிள்ளைகளுக்கும் இடையில்தான். நான்காவது இடம் அதில் ஜெயிப்பவளுக்கு.

கடைசியில் ஒரு நீளமான தாளம் கேட்டது. பிறகு சுவரில் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

உயரமான பிள்ளைதான் முதலில் வெளியே வந்தாள். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நேராக அம்மாவின் மடியில் விழுந்தாள். அக்கா அவள் முதுகைத் தட்டியபடி என்னைப் பார்த்து, "போம்மா, உம்புள்ளையப் போயிப் பாரு," என்றார். எழுந்து நின்றேன். சந்தோஷத்தை எந்த முகத்தோடு காட்டுவது என்று தெரியாமல், "சாரிக்கா," என்றேன். மகள் ஜெயித்ததற்கு மன்னிப்புக் கேட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

கணவருக்கு அழைத்துச் சொன்னேன். "பாத்தியா, நான்தான் மெதுவா அடிக்கச் சொன்னேன்ல?" என்றார். சற்று முன்பு டீச்சரும் மண்டப வாசலில், "கோணம் சரியாயிடுச்சு பாத்தீங்களா," என்று சொல்லியிருந்தார். மனதுக்குள் நான் நிதானமான ரப்பர்தான் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரில் அவள் என் கறிபாப்பை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி உள்ள விழுந்துச்சு?" என்றேன். "தொறந்து பிடிச்சியா? மெதுவா அடிச்சியா?"

"தெரியல மா. எனக்கு மூணு வெளிய போச்சு. ரெண்டு வலையில விழுந்துச்சு."

"அப்புறம்?"

"அவளுக்கு இன்னும் நெறைய போச்சு."

நான் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். மாவட்டப் போட்டியில் எதிரே நிற்கும் பிள்ளைகளுக்கு அப்படிப் போகாது. அதற்குள் இந்த ரப்பரை மாற்ற வேண்டுமா, கையை மாற்ற வேண்டுமா, டீச்சரிடம் முதலில் கேட்பதா, கடைக்காரரிடமா?

"மா," என்றாள் அவள், வாய் நிறைய. "மொதல்ல கார எடுங்க."