எட்டாம் ஸ்டேஜும் ஆயுத பூஜையும்

டிவி கேமில் நான் பயந்தது வில்லனுக்கு அல்ல, கரண்ட் கட்டுக்கு. தொண்ணூறுகளில் எங்கள் அம்பத்தூர் வீட்டில் இருந்த கேம் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஆடும்போது செத்தால் அந்த ஸ்டேஜை மட்டும் திரும்ப ஆடலாம். பெட்டியை அணைத்தால் எல்லாம் போச்சு, முதல் ஸ்டேஜிலிருந்து மறுபடி. அதனால் எல்லோரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். பாஸ் போட்டு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ராப்பகலாக எரியவிட்டேன். அடாப்டர் சூடாகாமல் இருக்க அதன் எதிரே டேபிள் ஃபேன். நாங்கள் வேர்வையில் படுத்துக்கொண்டோம்.

பெட்டியில் செருகியிருந்த கேம் கேசட் என்னுடையதல்ல. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு லேத் ஓட்டிய பூந்தமல்லி நண்பன் கொடுத்தது. அவன் துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் எட்டு ஸ்டேஜையும் முடித்து, கடைசியில் என்ன வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்த வாரம் எனக்கு வேறு ஆசையே இல்லை.

அதற்கு முன் ஆடியது பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டே குதிக்கிற கேம். அதில் விழுந்தால்கூடச் சிரிப்புதான் வரும். இது வேறு ரகம். கத்தியோடு ஒருவன் கோட்டைக்குள் ஓடுகிறான். ஒரு பறவை இடித்தால் உயிர் போவதில்லை, ஓரடி பின்னால் தள்ளும். சரியாக அங்கே ஒரு பள்ளம் இருக்கும். இதை உட்கார்ந்து யோசித்தவன் நல்ல மனுஷனாக இருக்க முடியாது.

ஏழாம் ஸ்டேஜில் மேலிருந்து இரும்புப் பாளங்கள் இறங்கின. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் நசுங்கிச் செத்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். அவர் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். மற்றவை எப்படிப் போயின என்று வீட்டில் யாரும் பேச மாட்டோம், அவரும் பேசியதில்லை.

"இன்னாடா, அது ஏற ஆரம்பிச்சதுமே உள்ள பூர்றே. ரெண்டு தபா எறங்கி ஏறட்டும், அப்பால போ" என்றார்.

"நைனா, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கேட்கவில்லை. பாளம் இறங்குகிற கணக்குக்கு "ம்... ம்... இப்போ" என்றார். மூன்றாவது பாளத்தின் "இப்போ"வில் நான் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அதன்பிறகு நான் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அவர்தான் பெட்டிக்குக் காவல். அடாப்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஃபேனை நகர்த்தி வைப்பார்.

பூஜை அன்று லீவு. பதினோரு மணிக்குக் கடைசி ஆளின் முன் நின்றுகொண்டிருந்தேன். மலை மாதிரி ஒருத்தன். விடிந்ததிலிருந்து அவனிடம் செத்து, ஒருவழியாக அவனுக்கு இரண்டே உயிர்க்கோடு பாக்கி என்ற நிலைக்கு வந்திருந்தேன். எனக்கு ஒன்று. கட்டைவிரல் வேர்த்துப் பட்டன் வழுக்கியது.

பின்னால் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். ஸ்பேனர், அரிவாள்மணை, என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பெட்டிதான் பாக்கி. பூஜையில் வைத்தால் மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது.

"ஆஃப் பண்ணுடா."

"பாஸ் போட்றேன் நைனா. அப்படியே பொட்டு வெச்சுடு."

"லைட்டு எரியுது பாரு. ஓடுற மெஷினுக்குப் பொட்டு வெக்கக் கூடாது."

"ரெண்டே அடிதான் பாக்கி. முடிச்சுட்டு ஆஃப் பண்றேன்."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு சூப்பர்வைசரும் இதான் சொன்னாரு. பூஜைக்கு எல்லாம் ரெடியா கீது, ரெண்டே பீஸு அடிச்சுட்டு ஆஃப் பண்ணிக்கலாம்னு."

விரல்கள் போனது தெரியும். எந்த நாளில் போயின என்பது அதுவரை எனக்குத் தெரியாது. திரையில் அவன் கையை ஓங்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். மூன்று நாளாக எரிந்த சிவப்பு விளக்கு நின்றது.

அப்பா மிச்சமிருந்த இரண்டு விரலால் சந்தனத்தைத் தொட்டுப் பெட்டியின் மேல் வைத்தார். "சூடா கீது. ஆறட்டும்" என்றார்.

மறுநாள் காலை நண்பன் வந்தான். கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான்: "முடிச்சியா மச்சான்? கடைசில இன்னா வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அப்பா பதில் சொன்னார்.

"ஒண்ணும் வர்லபா. எம் புள்ள கை காலோட எழுந்து வந்தான்."