எக்ஸ்சேஞ்சில் போன பாஸ்போர்ட்டுகள்

சிதம்பரத்தில் வீட்டிலிருந்தே பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் பதிந்து தருகிறேன். பழைய கம்ப்யூட்டரைப் பளபளவெனத் துடைத்து, திருப்பாதிரிப்புலியூர் கடையொன்றில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் சரிசெய்து விற்கும் வேறொரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தேன்.

பிஸ்மில்லா சொல்லி ஆன் செய்தால், யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களும் ஆதார் நகல்களும்! சிரிப்பு வந்தது. மறுநொடியே என் பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. நான் கொடுத்ததில், துபாய் போகிறவர்கள் நம்பித் தந்த பாஸ்போர்ட் நகல்கள் அப்படியே இருந்தனவே!

வாங்கியதையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"பயப்படாதீங்கக்கா, இன்னும் பிரிக்கவே இல்ல" என்று கடைக்காரர் என் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தந்தார்.

வாங்கியதைக் காட்டி, "இதுல படம் இருக்கிற குடும்பம் பாவம் இல்லையா?" என்றேன். தலைகுனிந்து, என் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தார்.

இப்போது வேலை முடிந்ததும், வந்தவர் கண்ணெதிரிலேயே நகல்களை அழிக்கிறேன். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தங்கள் மச்சான்களையும் என்னிடமே அனுப்புகிறார்கள்.

- நூர்ஜஹான், சிதம்பரம்