ஏரிக்கரையில் பழைய இன்ஜின் பார்த்தவன்

பழைய படகு இன்ஜினைப் பார்த்துச் சொல்கிற தொழிலில், நல்லாயிருக்கு என்றால் வாங்குகிறவன் நம்ப மாட்டான், கெட்டுப்போச்சு என்றால் விற்கிறவன் சும்மா விடமாட்டான்.

எனக்கு ஊர் புத்தூர். ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த புதுசு. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிய இன்ஜின்களைப் பழவேற்காடு ஏரியில் சிலர் படகில் மாட்டி ஓட்டி, போதும் போதும் என்றானதும் விற்க ஆரம்பித்திருந்தார்கள். வாங்க நினைத்தவர்கள் என்னைத் தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் கூட்டிப் போவார்கள். பழசு எதையாவது வாங்கிவிட்டு இன்றுவரை வீட்டில் பேச்சு கேட்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

ஈரச் சாக்கு

இன்ஜினை முதலில் ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் எந்தக் கிழட்டு இன்ஜினும் உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் விடியும்போதே போய் நிற்பேன். ஒரு மார்கழிக் காலையில் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு படகைப் பார்க்கப் போனோம். ஏரி முழுக்கப் பனி. இன்ஜின்மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. சாக்கிலிருந்து லேசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கையை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி, அது தெரியாமலிருக்கச் சாக்கை நனைத்துப் போட்டிருக்கிறார் சொந்தக்காரர். "பனியாச்சே, இன்ஜினுக்குக் குளிருமேன்னு போத்தி வெச்சேங்க" என்றார்.

ஆறட்டும் என்று வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு வாங்க வந்தவரின் மச்சான் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். நாலைந்து சுற்றுக்கு உயிரே வரவில்லை. ஆத்திரத்தில் ஒரேயடியாக இழுத்தார். இன்ஜின் ஒருமுறை எதிர்ப்பக்கம் உதைத்தது. ஹேண்டில் திரும்பி அடித்ததில் அவர் மணிக்கட்டு ஒடிந்து கை தொங்கிப் போனது. அவர் மணலில் உட்கார்ந்து அலறுகிறார், நான் வேட்டியைக் கிழித்துக் கட்டுகிறேன். சொந்தக்காரர் எங்கள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா, எவ்ளோ பலமா கீது!"

குறையில்லாத இன்ஜின்

என் அனுபவத்தில் ஒரே ஒருமுறை குறையே இல்லாத இன்ஜினைப் பார்த்தேன். சூளூர்பேட்டைப் பக்கத்தில் வெங்கய்யா என்ற தெலுங்குக்காரருடையது. ஆறிக் கிடந்த இன்ஜின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. புகையில் கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. சுமை ஏற்றி ஓட்டினாலும் சத்தம் மாறவில்லை. எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்தேன், சுத்தமாக இருந்தது. "கண்ணை மூடிக்கினு வாங்குங்க" என்று என்னோடு வந்த மளிகைக்காரரிடம் சொன்னேன்.

அவர் என்னைத் தென்னைமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "நல்ல இன்ஜினை எவனாச்சும் விப்பானா? ஏதோ கீது. நீயும் அந்த ஆளும் கூட்டு." நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்று அவரும் வெங்கய்யாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், எதிரே நிற்கிற ஆளின் முகமே வெங்கய்யாவுக்குத் தெரியாது என்பது புரிந்திருக்கும். இரண்டு கண்ணிலும் பார்வை போய்க்கொண்டிருந்தது. கரையோரக் கம்புகள் தெரியாமல் இரண்டு தரம் படகை மோதிவிட்டாராம். மளிகைக்காரர் அதே வாரம் வேறெங்கோ போய் ஒரு புகை கக்கும் இன்ஜினை வாங்கினார். நான் அதைப் போய்ச் சொன்னபோது வெங்கய்யா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தனக்கு வந்த தமிழில் சொன்னார்: "கண்ணு போனது எனக்குத்தான்னுல்ல நெனச்சேன்."

எந்த ராஜ்யத்துப் படகு

கரையில் கட்டியபடி ஓட்டிப் பார்ப்பது போதாது. சுமையோடு நடு ஏரிவரை போய்த் திரும்பினால்தான் வண்டவாளம் தெரியும். பொன்னேரிப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவருக்காக அப்படிப் போனோம். படகு ஆந்திரக் கரையைச் சேர்ந்தது. ஓட்டியவர் சுப்பையா, விற்பவரின் ஆள். நல்ல ஆழத்தில் இன்ஜின் நின்றது. நான் பிரித்துப் பார்த்தேன். பம்ப் தேய்ந்து போய் எண்ணெயே மேலே ஏறவில்லை. படகு தள்ளும் கழி தரைக்கு எட்டவில்லை. குடிக்கக் கொண்டு போன தண்ணீரும் தீர்ந்தது.

பிரிவினைச் சண்டையில் இரண்டு கரைக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசாத நேரம் அது. தெற்கே இருந்து வந்த பாய்ப் படகு, சுப்பையா தெலுங்கில் கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்பிப் போனது. வடக்கே இருந்து வந்தது, வியாபாரியைத் தெற்குக் கரை ஆள் என்று அடையாளம் கண்டு விலகிப் போனது. வெயிலில் வியாபாரிக்கு மயக்கமே வந்துவிட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் காற்று ஆழமில்லாத இடத்துக்குத் தள்ளியதால், கழி ஊன்றிக் கரை சேர்ந்தோம். அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒரு படகுக்காரர்தான் நின்று பேசியவர். விற்கிறவர் இந்தப் பக்கம், வாங்குகிறவர் அந்தப் பக்கம், பேரம் இன்னும் முடியவில்லை என்று விவரமாகச் சொன்னேன். கையில் கயிற்றை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "மொதல்ல வித்து முடிங்க. எந்த ராஜ்யத்துப் படகுன்னு தெரிஞ்சதும் கயிறு போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணெயில் சேறு

ஏரித் தண்ணீரை உறிஞ்சிச் சூடு தணிக்கிற இன்ஜினில், தண்ணீர் ஓடும் வழியில் சேறு இருந்தால் தப்பில்லை. எண்ணெய் இருக்கும் இடத்தில் சேறு வரக் கூடாது. சீனு என்ற வாலிபன் விற்க நிறுத்தியிருந்த படகில், இன்ஜினில் எண்ணெய் வடிக்கிற அடித் திருகைக் கழற்றினேன். முதலில் புது எண்ணெய் வந்தது. அதற்குப் பின்னால் கொழகொழவென்று கறுப்புச் சேறு. படகுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாங்க வந்த நாகலாபுரத்து விறகு வியாபாரி பெயின்டைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது முழுகி எடுத்த படகு. இன்ஜின் தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் கிடந்திருக்கு" என்றேன்.

சீனு மறுக்கவில்லை. அப்படியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அவனும் அவன் அண்ணனும் போகும்போது சுழற்காற்றில் கவிழ்ந்ததாம். இவன் நீந்தி வந்துவிட்டான். படகைத் தூக்கியபோது அண்ணன் கால் இன்ஜினுக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கியிருந்ததாம். விறகு வியாபாரி தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். "வேணாம்பா" என்று நடந்தார். சீனு அவர் பின்னாலேயே ஓடினான். "எங்கம்மா தினம் இதைப் பாத்துக்கினு சோறு துன்ன மாட்டேங்குதுங்கய்யா. இன்ஜின் ஓடாட்டியும் பரவால்ல, எடுத்துக்கினு போயிடுங்க."

முனுசாமி வாங்கிய படகு

முனுசாமி சத்தியவேட்டுப் பக்கத்து விவசாயி. எனக்குத் தூரத்து உறவு. அண்ணே என்றுதான் கூப்பிடுவான். கிணறு வற்றி, நிலத்தை விற்று, ஏரியில் சிப்பி வாரிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடலாம் என்று கிளம்பினான். அவன் காட்டிய படகின் இன்ஜின் நன்றாகத்தான் பிடித்தது. வேகம் கொடுத்தால் உள்ளே டக் டக்கென்று ஒரு தட்டல். ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவ்வளவு பட்டவர்த்தனம்.

"முனுசாமி, உள்ளே பேரிங் போயிடுச்சு. ஒருநாள் இறுகி நின்னுடும். நெலத்துல தண்ணி இறைக்கன்னா வாங்கிக்கோன்னுவேன். ஏரிக்கு வேணாம்."

"எப்ப நிக்கும்ணே?"

"அது அதுக்கே தெரியாது. வேணாம்டா."

அவன் சிரித்தான். "கெணறு நின்னே போச்சுண்ணே. இது இன்னும் ஓடிக்கினு தானே கீது." வாங்கிவிட்டான்.

ஆள் வைத்துக்கொள்ள வழியில்லாமல் பெண்டாட்டி கன்னியம்மாவையே படகில் கூட்டிப் போனான். மழைக்காலம் வந்தது. ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், சிப்பிப் பாரத்தோடு அந்தப் பக்கம் போனபோது இன்ஜின் இறுகி நின்றது. இழுப்பில் படகு அலைவரைக்கும் போய்க் கவிழ்ந்தது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்த கன்னியம்மாவை வலைக்காரர்கள் தூக்கினார்கள். முனுசாமியை மூன்றாம் நாள்தான் கடல் கொண்டுவந்து போட்டது.

காரியத்துக்குப் போனேன். கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் பலகை கிழித்த காயம். "நான் சொன்னேம்மா. வேணாம்னு அவன்கிட்ட அத்தினி தரம் சொன்னேன்" என்றேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அவருகிட்ட சொன்ன, சரி. அதே படகுல தானே நானும் ஏறினேன், எனக்கு யாரு சொன்னாங்க?"

அதற்கப்புறம் நான் லாரி இன்ஜின் மட்டும்தான் பார்க்கிறேன், அது நின்றுபோனால் எப்பேர்ப்பட்ட முட்டாளும் இறங்கி நடந்து வீடு வந்து சேரலாம்.