சத்தம் மட்டும் பழையபடி

வலங்கைமானில் கும்பகோணம் சாலையோரம் கார் பட்டறை வைத்திருக்கும் பகலவனுக்குச் சாமி கிடையாது, ராகுகாலம் கிடையாது. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "டயருக்கு எதுக்குங்க ஊறுகாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். அப்பா அரசப்பன் பண்ணை வேலை பார்த்த கறுப்புச் சட்டைக்காரர். மகளுக்கு எழில்மொழி என்றும் மகனுக்குப் பகலவன் என்றும் பெயர் வைத்து, இருவரையும் சேற்றில் இறக்காமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார். எழில்மொழி டீச்சரானார். பகலவன் டிப்ளமா முடித்து, கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் இடத்தில் பதினான்கு வருஷம் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அந்தக் கையைத் தேடி வந்தவன்தான் வசந்தகுமார். வேதாரண்யத்தில் மீன் வியாபாரம். அவன் மனைவி அனுசுயாவின் அக்கா வலங்கைமானில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வழியில் பழக்கம். டீசல் கார் ஒன்றை வாங்கி நேரே பட்டறைக்குத்தான் ஓட்டி வந்தான்.

"அண்ணே, இதுக்கு உயிர் குடுங்க" என்றான்.

பகலவன் கொடுத்தார். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினார். எவ்வளவு டீசல் பாய வேண்டும் என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தி எழுதினார். உறுமுகிற மாதிரி ஒரு சைலன்சர் போட்டார். அதன்பிறகு அந்தக் கார் மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. பஸ்ஸோ லாரியோ, மூன்று எண்ணுவதற்குள் பின்னால் போயிருக்கும். இரண்டு வருஷம் அப்படி ஓட்டியதில் வசந்தகுமாருக்கு அதுதான் கார் என்று ஆகிவிட்டது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு அவன் மீன் வேனில் தஞ்சாவூர் போனான். அவன் தலை மறைந்ததும், அக்கா வீட்டுக்கு வந்திருந்த அனுசுயா ஆறு வயது மகள் மீனாவைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள்.

"அண்ணே, இந்தக் காரை வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிடுங்க. அவருக்குத் தெரியக் கூடாது."

பகலவன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போன மாதம் வசந்தகுமார் இரண்டு பஸ்களைச் சேர்த்துத் தாண்டியபோது பிள்ளை பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டதாம். "சொன்னா கேக்குற ஆளு இல்லண்ணே. வர்ற ஞாயித்துக்கிழமை மாமாவுக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். சனிக்கிழமை காலையில மாமா, அத்தை, இவ, நான் எல்லாரும் இந்த வண்டியிலதான் போறோம். அன்னைக்கும் அவரு மிதிக்காம வருவாரா?"

"சரிம்மா, பண்றேன்."

"வாயால சொன்னா பத்தாது. இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. அவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு."

நம்பிக்கை இல்லாதவருக்குச் சத்தியம் செய்வதில் என்ன கஷ்டம்? கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு மீனாவின் தலையில் வைத்தார். வெயிலில் வந்த தலை, கதகதவென்று இருந்தது. பிள்ளை நிமிர்ந்து பார்த்து முன்பல் இல்லாமல் சிரித்தது.

அன்றே வேலையில் இறங்கினார். பழைய டர்போ சாக்கில் சுற்றிய நிலையில் அலமாரிக்கு மேல் இருந்தது; அதை எடுத்து மாட்டினார். கம்ப்யூட்டரில் கம்பெனி கணக்கையே திரும்ப ஏற்றினார். சைலன்சரில் மட்டும் கை வைக்கவில்லை. உறுமல் நின்றால் வசந்தகுமார் அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவான் அல்லவா? தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை காரை எடுக்க வந்தவனிடம் ஒரு பொய்யும் சொன்னார். "கிளட்ச் பிளேட் புதுசு போட்டிருக்கேன் தம்பி. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ஏறி மிதிக்காத. கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும்."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று அவன் சாதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

புதன்கிழமை எழில்மொழியின் காரை எடுத்துக்கொண்டு ஆவூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனார். வசந்தகுமாரின் கார் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, அதே மாடல்; யாரும் கை வைக்காத இன்ஜின். அறுவடைக் காலம். சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். முன்னால் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர். எதிரே ஒரு மினிபஸ், தூரத்தில்தான் வந்தது. இரண்டு வருஷமாக வசந்தகுமாரின் காரை ஓட்டிப் பார்த்துப் பழகிய கால், யோசிக்காமல் மிதித்தது. கார் போகவில்லை. போனது, ஆனால் அவர் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. மினிபஸ் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்து, காய்ந்த நெல்லில் சறுக்கி, டிராக்டரின் பின்னால் எப்படியோ ஒட்டிக்கொண்டார். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

தெரிந்து ஓட்டிய தனக்கே இந்தக் கதி. எதுவுமே தெரியாமல் ஓட்டுகிறவன் என்ன ஆவான்? உறுமல் அதேதான், பெடல் அதேதான், வண்டி மட்டும் வேறு. ஒருநாள் அவன் பழைய நினைப்பில் மிதிப்பான்.

சாலையோரமாகவே நின்று அனுசுயாவுக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார்.

"என்னண்ணே பயமுறுத்துறீங்க? அதான் மெதுவாப் போறாரே. விசேஷம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா கோவத்துல மறுபடி மாத்த வந்து நிப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பிள்ள தலையில அடிச்சிருக்கீங்க. ஞாபகம் வச்சுக்குங்க."

போனை வைத்தார். வியாழக்கிழமை வசந்தகுமாரின் எண்ணை எடுத்து எடுத்து மூடினார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வாக்கை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று அவருக்குத் தெரியும். நாற்பத்து நாலு வயதுவரை அதைத்தான் ஊருக்கே சொல்லிவந்தார். ஆனாலும் எண்ணைத் தொடும்போதெல்லாம் உள்ளங்கையில் பிள்ளை தலையின் அந்தச் சூடு தெரிந்தது. தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழே கால். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனை எடுத்தார். ஆனது ஆகட்டும். வசந்தகுமாருக்கு மணி முழுதாக அடித்து நின்றது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. அனுசுயாவுக்கு அடித்தார். மணி இரண்டு தடவை அடித்ததும் அவள் துண்டித்தாள். மறுபடி அடித்தார். அணைத்துவிட்டிருந்தாள்.

எட்டரைக்கு அனுசுயாவின் அக்கா அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. கிளம்பவே தாமதமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு ராகுகாலம், அதற்குமுன் மண்டபத்தில் கால் வைத்துவிட வேண்டும் என்று வசந்தகுமாரின் அம்மா நாகரத்தினம் பின்சீட்டிலிருந்து அரித்துக்கொண்டே வந்திருக்கிறார். திருப்பூண்டி தாண்டி, அறுவடை மெஷினை ஏற்றிய லாரி ஒன்று நகர மாட்டேன் என்று முன்னால் போயிருக்கிறது. இந்த ஒரு தடவைதானே என்று வசந்தகுமார் ஏறி மிதித்திருக்கிறான். எதிரே பஸ். லாரியில் பாதிகூடத் தாண்டவில்லை. வலப்பக்கம் ஒடித்ததில் கார் வாய்க்காலில் கவிழ்ந்தது. நாகரத்தினம் அங்கேயே போய்விட்டார். மறுநாள் அவர் கழுத்தில் ஏறவேண்டிய தாலி பையில் அப்படியே இருந்தது.

பகலவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தா பெஞ்சில் வசந்தகுமாரின் அப்பா நீலமேகம், அந்த அறுபது வயது மாப்பிள்ளை, வேட்டியெல்லாம் சேறாக உட்கார்ந்திருந்தார். மீனா அவர் மடியில் தூங்கியது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே வசந்தகுமாருக்கு இரண்டு காலிலும் கட்டு. கையில் கட்டுடன் நின்ற அனுசுயா பகலவனை ஓரமாக இழுத்துப் போனாள்.

"உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேண்ணே. நல்லவேளை மாத்திக் குடுத்தீங்க. பழைய வேகம் இருந்திருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்."

பழைய வேகம் இருந்திருந்தால் மூன்று எண்ணுவதற்குள் லாரி பின்னால் போயிருக்கும். அவரால் அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

கட்டிலிலிருந்து வசந்தகுமார் கூப்பிட்டான். "அண்ணே, முழுசா மிதிச்சேண்ணே. சத்தம் வந்துச்சு, வண்டி வரல. உங்க வேலையில குறை இருக்காது. எனக்குத்தான் கணக்குத் தப்பிடுச்சு. எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்."

அனுசுயா பகலவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"உன் கணக்கு சரிதான் தம்பி" என்றார் பகலவன். "பழைய வண்டியா இருந்தா நீ தாண்டியிருப்ப. உனக்குத் தெரியாம நான்தான் கம்பெனி அளவுக்கு மாத்திட்டேன். கிளட்ச்சுன்னு சொன்னது பொய்."

அனுசுயா கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்தாள். "அண்ணன் மேல தப்பில்லைங்க. நான்தான் மாத்தச் சொன்னேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் நான்தான் வாங்கினேன்."

வசந்தகுமார் அவளையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுதான். அழுது முடித்து, ஊசி குத்தியிருந்த கையை மெதுவாகப் பகலவன் பக்கம் நீட்டினான்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. இவள உசுரோட வைக்க மாட்டாரு. சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சுக் குடுங்க."

பகலவன் கையைக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய், நீலமேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.