புறா வலைக்கு இந்தப் பக்கம்

ஆறு மாசமா என் டெலி ஜூம் லென்ஸில் எடுக்கிற எல்லாப் படமும் கலங்கலா வந்துக்கிட்டு இருந்துச்சு. ஷட்டர் ஸ்பீடை ஏத்தியாச்சு, டிரைபாட் போட்டாச்சு. போட்டோ குரூப்பில் கேட்டா, "லென்ஸை மாத்துங்க ப்ரோ"ன்னு ஒரே பதில். இவங்க அப்பாவா வாங்கித் தருவார்?

இன்னைக்கு அல்சூரில் ஒரு கேமரா ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

கடைக்காரர் கார்டில் இருந்த படங்களை ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்தார். எதிர் பில்டிங் தண்ணி டேங்க் மேல பருந்து. அதே டேங்க் மேல காக்கா. மறுபடி பருந்து.

"எல்லாம் ஒரே எடத்துல இருந்து எடுத்ததா சார்?"

"ஆமாங்க, வீட்டு ஜன்னல்ல இருந்து."

"கண்ணாடி தொறந்தா, மூடியா?"

"மூடித்தான். வெளிய புறா வலை வேற இருக்கு."

அவர் சிரிக்கலை. என்னைக் கடை வாசலில் நிக்க வச்சுட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், "ஸ்வல்ப… கொஞ்சம் இங்க பாருங்க சார்"னு ஒரு படம் எடுத்தார்.

பெருசு பண்ணிக் காட்டினார். தாடியில் நரைச்ச ரெண்டு முடி வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

"லென்ஸ்ல ஒண்ணுமில்ல சார். வெளிய வந்து எடுங்க."

பெங்களூர் வந்த ஒன்றரை வருஷத்தில், என்னை இன்னொருத்தர் எடுத்த முதல் படம் அது. டிபியா வச்சேன். அஞ்சு நிமிஷத்தில் அம்மா போன்.

"நல்லா இருக்கு கண்ணு. யாரு எடுத்தாங்க?"

"ஃப்ரெண்டு"ன்னு சொல்லிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்குப் போறேன். ஜோகுபாளையம் பக்கம் இருக்கிறவங்க யாராவது வாங்களேன். கொஞ்சம் தள்ளி நின்னாப் போதும். ஃபோகஸ் செக் பண்ணத்தான், வேற ஒண்ணுமில்லை.