அம்மாவின் படத்துக்கு ஒரு சந்தன மாலை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அந்த ஓட்டலுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் இரண்டு காதும் கொதித்தன.

என் ஐம்பதாம் பிறந்தநாளுக்கு மகன் அங்கே ஓர் இரவுக்கு அறை எடுத்துக் கொடுத்திருந்தான். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெருவில், மூன்று பழைய கடைவீடுகளை ஒன்றாக்கிய சின்ன ஓட்டல். வரவேற்பறை இருக்கவேண்டிய இடத்தில் நாடக மேடை. சிவப்பு வெல்வெட் திரை, முகத்தில் அடிக்கும் விளக்கு. வாசலில் நிற்பவருக்கு மாட்டுவண்டிக்காரர் வேடம். அவர் தலைப்பாகையைத் தொப்பி மாதிரி கழற்றி மாட்டலாம். யார் வந்தாலும் மணி மூன்று முறை அடிக்கும். சாவியை டிபன் கேரியருக்குள் வைத்துத் தருகிறார்கள். இரண்டாம் அடுக்கைத் திறந்து சாவியை எடுத்தேன். மகன் ஆசையாக ஏற்பாடு செய்தது என்பதால் வாயை மூடிக்கொண்டு மாடி ஏறினேன்.

அந்த மாடியில்தான் அம்மா இருபது வருடம் ப்ளவுஸ் தைத்தார். கட்டடத்தைப் புதுப்பிக்கும் முன் பழைய படங்கள் கேட்டு ஆட்கள் வந்தபோது, தையல் மெஷின் முன் தான் உட்கார்ந்திருக்கும் படத்தை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். மாட்டி வைப்போம், வந்து பாருங்கள் என்றார்களாம். நான் போன அன்றே மாலை ஆறு மணிக்கு, தோ பாயோ வீட்டிலிருந்து பஸ் ஏறி, அதைப் பார்க்கத்தான் வருவதாக இருந்தார். என் பிறந்தநாளெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

படம் இருந்தது. மாடி முகப்பில், பெரிதாக்கி, உயரத்தில் மாட்டியிருந்தார்கள். வெளுத்துப்போன பழைய படம். அம்மாவின் நெற்றியில் அப்போது இருந்த பொட்டுகூடத் தெரியவில்லை. அந்தப் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடியின் மேல், நெற்றிக்கு நேராக, குங்குமப் பொட்டு. கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

உயிரோடு இருக்கிறவருக்கு. காலையில் போன் செய்து எந்தப் புடவை கட்டட்டும் என்று கேட்டவருக்கு. பக்கத்துத் தேக்கா சந்தையில் எந்தப் பூக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களே, வீட்டு மனுஷர் படத்துக்கு எப்போது மாலை விழும் என்று.

கீழே போய் வரவேற்புப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்தேன். நம் தமிழ்ப் பெண்தான், இருபத்தைந்து வயதிருக்கும்.

"இந்த மாலையை எடுங்க."

"அது டிசைனர் செட் பண்ணது லா, அக்கா. நாங்க டச் பண்ணக்கூடாது."

"இவங்க என் அம்மா. ஆறு மணிக்கு இங்க வர்றாங்க."

அவள் முகம் மாறியது. "அவங்க இருக்காங்களா? ஸாரி அக்கா. நான் மேனேஜர்கிட்ட கேட்டேன், இது ஓகேயான்னு. கெஸ்ட்ஸ் போட்டோ எடுக்குறாங்க, விடுன்னுட்டாரு."

"தப்புன்னு உனக்கே தோணியிருக்குல்ல. இவங்க இருக்காங்களா, இல்லையான்னு ஒரு போன் பண்ணிக் கேட்க ஆள் இல்லையா இங்க?"

மணி ஐந்தே முக்கால். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"அக்கா, கேமரா இருக்கு."

"இருக்கட்டும். நல்லா பதியட்டும்."

மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். பல்பைப் பிடுங்கினேன். பொட்டுதான் மிச்சம். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது; அன்றிலிருந்து அம்மா நெற்றியில் திருநீறு மட்டும்தான். சாகடித்தது போதாதென்று குங்குமம் வேறு வைத்திருக்கிறார்களே என்று இன்னும் ஆத்திரம் ஏறியது. டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. கண்ணாடியில் லேசாக ஒரு சிவப்புத் தீற்றல் நின்றது. அதற்குள் கீழே மணி மூன்று முறை அடித்தது.

அம்மா மயில்கழுத்து நிறப் புடவையில் வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, படத்தின் முன் நின்று, மூக்குக்கண்ணாடியைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார். அந்தப் பெண் பின்னால் மறைக்கப் பார்த்த மாலையையும் பார்த்தார்.

"எனக்குப் போட்டதா?"

"ஆமாம்மா. விவஸ்தை கெட்டவங்க. நான் கழட்டிட்டேன்."

"பொட்டும் வச்சிருந்தாங்களா?"

"அதையும் அழிச்சுட்டேன்."

அம்மா அந்தத் தீற்றலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலையை எடுத்தது சரி. பொட்டை எதுக்கு அழிச்சே?" குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கும் நீதானே கிண்ணத்துல தண்ணி கொண்டுவந்து கொடுத்தே."

அப்பாவின் காரியத்தன்று, கூடியிருந்த பெண்கள் அம்மாவின் நெற்றியைத் துடைக்கத் தண்ணீர் கேட்டார்கள். சமையலறைக்கு ஓடிப் போய் மொண்டு வந்தது நான். வேண்டாம், விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் அம்மாவும் அதைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை.

மேனேஜரைத் திட்ட நான் கீழே போகவில்லை. வெட்கமாக இருந்தது. சிவந்த டிஷ்யூவை எங்கே போடுவதென்று தெரியாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.