பெர்த்திலிருந்து வந்த வாட்டர் பம்ப்

மதுரையில் பழைய வண்டிக்குச் சாமான் வாங்கப் போனால் வண்டியின் பெயரை யாரும் கேட்பதில்லை. "சாம்பிள் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். சாம்பிள் என்றால் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் அதன் பல்லை எண்ணி, உள்ளே போய் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துவருவார். அது எந்த வண்டிக்காகச் செய்தது என்று அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை. முப்பத்திரண்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற நான், கருப்பு எண்ணெய் ஊறிய கிளட்ச் பிளேட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சேலையை இழுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

வண்டி என் கணவருடையது. வீட்டில் ஜீப் என்றுதான் சொல்வோம், ஆனால் உண்மையில் அது ஜீப் இல்லை. வெளிநாட்டு உதவியோடு நடந்த ஏதோ ஒரு குடிநீர்த் திட்டத்துக்காக ஜப்பானிலிருந்து இறக்கிய வண்டி. திட்டம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்தது, இவர் எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார். நான்கு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் போகும் என்றார். கே.கே. நகரில் சேறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மழை பெய்யட்டும், பார் என்றார். மழை பெய்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

இதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்தான். வந்து எல்லாம் செய்தான். பதினாறு முடிந்து கிளம்புகிற அன்று வாசலில் வண்டியின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சாவியை என் கையில் கொடுத்தான்.

"வண்டிய வித்துராதம்மா. ரெண்டு வருசத்துல வந்துருவேன். வந்து நான் ஓட்டுறேன்."

இதைத்தான் நான் ஏழு வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓடுகிற வரையில் அவன் வருவான். யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை, நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். அறிவியல் படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்டால் நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

சும்மா நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஓட்டிக்கொண்டு போவேன். திண்டுக்கல் ரோட்டில் பரவை தாண்டி சமயநல்லூர் வரை. அங்கே ஒரு டீ. திரும்பி வருவேன். கிளட்சை மிதிப்பதற்குள் இடது முழங்கால் எனக்கு வயது எத்தனை என்று சொல்லிவிடும். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே, "டீச்சர், இத குடுத்துட்டு ஒரு சின்ன காரா வாங்கிக்கிரலாம்ல?" என்பார். வாங்கலாம் என்பேன். ஒவ்வொரு வாரமும் அவர் சொல்வார், ஒவ்வொரு வாரமும் நானும் வாங்கலாம் என்பேன்.

முதல் வருடமே வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. போனில் சொன்னேன். மகனுக்கு ஒரே சந்தோஷம். அவன் ஊரில் இந்த வண்டி தெருவுக்குத் தெரு ஓடுகிறதாம். பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு விற்கிற ஒரு யார்டு, அவன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சனிக்கிழமை போய், வண்டியின் மாடல் நம்பரைச் சொல்லி, புத்தகத்தில் பார்த்து வாங்கிவிட்டான். அந்த மாதம் ஊருக்குக் கிளம்பிய மேலூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அவர் வீட்டுக்குப் போய் நான் வாங்கிவந்தேன். மனிதர் நொந்துபோயிருந்தார்.

"என்னம்மா இது இம்புட்டு கனம்? ஏர்போட்டுல பெட்டியத் தெறக்கச் சொல்லிட்டான். எல்லாரும் என்னயவே பாக்குறாங்க. வாட்டர் பம்பு வாட்டர் பம்புன்னு சொல்றேன், எவனும் நம்ப மாட்டேங்குறான்."

அவருக்கு நூறு நன்றி சொல்லிவிட்டு நேரே பழங்காநத்தம் போனேன். என் கணவர் வழக்கமாக வண்டியை விடும் மெக்கானிக் அங்கேதான் இருக்கிறார். பெட்டியைப் பிரித்து, எண்ணெய்த் தாளை விலக்கி, பம்ப்பை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அருமையான சாமான் டீச்சர். அசல் சாமான். ஆனா நம்ம வண்டி அசல் இல்லையே."

"அப்படின்னா?"

"இன்ஜின் வேனோடது. சாருதான் மாத்துனாரு, ரெண்டு வருசம் இருக்கும். முன் பிரேக்கு மினி லாரிது. கிளட்சு எதுன்னு எனக்கே சந்தேகம். கியர் பாக்ஸ் மட்டுந்தான் ஜப்பான்காரன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"தம்பிக்குத் தெரிய வேணாம்னாரு டீச்சர். அசல கெடுத்துட்டீங்கன்னு சண்டைக்கு வருவான்னாரு."

"எதுல எது இருக்குன்னு எங்கயாச்சும் எழுதி வச்சாரா?"

"எங்க டீச்சர். எல்லாம் அவரு தலைக்குள்ள."

அந்தத் தலையை எரித்துவிட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பட்டறை வாசலில் நின்று என் கணவரைத் திட்டினேன். வாய்விட்டுத்தான். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானரைத் துடைத்தார். செத்தவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பழைய பம்ப்பையே கழற்றிக் கொடுத்தார். அதைச் சாம்பிளாகத் தூக்கிக்கொண்டு மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடையில் கிடைத்தது, போட்டார், ஒழுகல் நின்றது. அன்று மாலை மகன் கூப்பிட்டான்.

"உக்காந்துருச்சாம்மா?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. சேரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை அவன் எதற்கு அந்த யார்டுக்குப் போவான்? எதற்கு என்னைக் கூப்பிடுவான்?

"கச்சிதமா உக்காந்துருச்சுப்பா," என்றேன்.

அதோடு அந்தக் கணக்கு தொடங்கிவிட்டது. இங்கே எது கெட்டாலும் அவனிடம் சொல்வேன். அவன் மாடல் நம்பரைச் சொல்லி அசல் சாமான் வாங்குவான். யாரோ ஒரு புண்ணியவான் சுமந்துகொண்டு வருவார். நான் அதைப் பீரோவில் வைத்துவிட்டு, கெட்டுப்போனதைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறுவேன். பிரேக் சிலிண்டர், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர் குழாய், பெயர் தெரியாத ரப்பர்கள். பீரோவின் கீழ்த்தட்டில் என் பட்டுச்சேலைகள் இருந்தன. அவை மேலே போயின, பெட்டிகள் கீழே வந்தன. கதவைத் திறந்தால் நாப்தலின் வாசனையோடு கிரீஸ் வாசனையும் அடிக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருடம் போனபின் அவன் கூப்பிடுவது குறைந்தது. குடும்பம், குழந்தை, வேலை, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். மூன்று வாரம் போன் வராவிட்டால் நானே எதையாவது கெட்டுப்போக வைப்பேன். ஸ்டியரிங் ஆடுகிறது என்பேன். அது ஆடவில்லை. பின் அச்சில் சத்தம் வருகிறது என்பேன். சத்தம் எல்லா இடத்திலிருந்தும்தான் வந்தது. "சரிம்மா, பாத்துட்டு அனுப்புறேன்," என்பான். முன்னே இருந்த துள்ளல் குரலில் இல்லை. ஆனால் அனுப்பினான். ஒவ்வொரு பெட்டி வரும்போதும், வரப்போகிறவன்தானே அனுப்புவான் என்று நினைத்துக்கொள்வேன்.

அலுத்துவிட்டது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சனிக்கிழமை படுக்கும்போதே, விடிந்தால் அதை எடுக்கவேண்டுமே என்றுதான் நினைப்பேன். ஒருமுறை சமயநல்லூரில் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். அசையவில்லை. உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "தள்ளிவிடவா டீச்சர்?" என்றார். நாலு பேராகத் தள்ளிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை எங்கேயும் அணைக்கக் கூடாது என்ற பயத்திலேயே ஓட்டினேன்.

ஏழாவது வருடம், போன வைகாசியில் மகன் வந்தான். பத்து நாள். பேத்திக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் மருமகளும் வரவில்லை. வண்டியைக் கழுவி, துடைத்து, வாசலில் நிறுத்தியிருந்தேன். மூன்றாம் நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பழங்காநத்தம் வரைக்கும்கூடப் போகவில்லை, பாதியிலேயே திருப்பிவிட்டான். இறங்கித் தோளைத் தேய்த்துக்கொண்டு, "எப்படிம்மா இத நீ ஓட்டுற?" என்றான். பானெட்டைத் திறப்பான் என்று காத்திருந்தேன். திறந்தால் இன்ஜினைப் பார்ப்பான், அப்பாவைத் திட்டுவான், நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன் என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்திருந்தேன். அவன் திறக்கவில்லை. சாவியைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

ஏழாம் நாள் மதியம். அவனுக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பீரோவில் இருக்கும், பார் என்று அடுப்படியிலிருந்து சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடிப்போனேன். அதற்குள் கீழ்க்கதவைத் திறந்துவிட்டான். பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். பலவற்றில் அவன் ஒட்டிய டேப்பைக்கூட நான் பிரிக்கவில்லை.

"அம்மா, என்னம்மா இது? ஒண்ணுகூடப் போடலையா?"

"சேரல."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

இன்ஜின் மாறிய கதையைச் சொன்னேன். அப்பா மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"பெறகு எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும் வேணும்னு கேட்ட? எத்தன சனிக்கெழம அந்த யார்டுல கெடந்திருக்கேன் தெரியுமா? அப்பா ஞாபகமா நீ ஆசையா வச்சிருக்கியேன்னுதான். நானும் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். இந்தத் தடவ எப்படியாச்சும் பேசி விக்கச் சொல்லணும்னு வந்தேன்."

"நீதானடா விக்காதன்னு சொன்ன."

"நானா? எப்ப?"

"பதினாறு முடிஞ்சு கெளம்பும்போது. வாசல்ல வச்சு. ரெண்டு வருசத்துல வாரேன்னு சொன்ன."

யோசித்தான். பொய்யாக இல்லை, நிஜமாகவே தேடினான். படிக்காமல் வந்த பிள்ளை பரீட்சையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு தேடுவதை நான் முப்பத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவர்களுக்கு விடை வராது.

"சொல்லியிருப்பேன்மா," என்றான்.

அடுப்பில் சோறு பொங்குகிற சத்தம் கேட்டது. போய் இறக்கவேண்டும் என்று தோன்றியது, போகவில்லை. அவனிடம் ஏழு வருடமாகக் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்கப் பயந்துகொண்டு பம்ப்பும் பிளேட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ இங்க வருவியாடா? வந்து இருப்பியா?"

அவன் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அதற்காக அவனை இன்றும் மதிக்கிறேன்.

"வரமாட்டேன்மா."

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது அழுகை இல்லை. நாள் பூராவும் சுமந்த பையைக் கீழே வைத்தால் கை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. பெற்ற பிள்ளை வரமாட்டேன் என்கிறான், எனக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று தோன்றுகிறது. வெட்கமாக இருந்தது.

"அப்ப வித்துருவோம்," என்றேன். "நாளைக்கே பழங்காநத்தத்துல சொல்லிர்றேன்."

"அவசரமில்லம்மா. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப..."

"எனக்கு எப்பவோ தோணிருச்சு. எனக்கு அந்த வண்டிய என்னிக்கும் பிடிச்சதில்ல. உனக்காகத்தான் வச்சிருந்தேன். நாளைக்கே போகட்டும்."

நான் இரண்டு நாள் அழுவேன், அவன் தேற்றவேண்டியிருக்கும் என்று தயாராகி வந்திருப்பான் போல. வண்டியையும் அவனையும் இவ்வளவு சுலபமாக நான் விட்டுவிடுவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். சின்ன வயதில் அழுத மாதிரியே, தோள் குலுங்க. பக்கத்தில் போய் முதுகைத் தடவிக்கொடுத்திருக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். எனக்கு அலுப்பாக இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தேன்.